முப்பத்தோராம் நாளுக்கு ஒரு படம்

பேராதனைப் பாலத்தடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள். விமலநாதன் இறங்கும்போதே மடிக்கணினிப் பையின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். கேட்கும் முன்பே திறந்து காட்டுகிறவனுக்குக் கேள்வி குறைவு என்பது இருபத்தைந்து வருடக் கண்டிச் சீவியத்தில் அவர் படித்த பாடம்.

சிப்பாய்க்கு இருபது வயதுக்கு மேல் இராது. தை மாதக் குளிரில் மூக்கு நனைந்திருந்தது. அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தான். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்ற வரியில் கண் ஒரு கணம் நின்றது. பிறகு பைக்குள் கையை விட்டு மடிக்கணினியை எடுத்து வேலிக்கட்டையின் மேல் வைத்தான்.

"ஒன் கரன்ன."

போட்டுக் காட்ட வேண்டும். நான் குண்டு இல்லை, கணினிதான் என்று அதுவே எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். போன வருடம் பொல்கொல்லையில் பஸ்ஸுக்குள் குண்டு வெடித்ததிலிருந்து இதுதான் சட்டம். அதுவும் நாளைக்குச் சுதந்திர தினம்.

விமலநாதன் பொத்தானை அமுக்கினார். திரை கறுப்பாகவே கிடந்தது. உள்ளே இருந்து 'டிக்... டிக்...' என்று பல்லி கொட்டுவது போல ஒரு சத்தம் வந்தது.

சிப்பாய் ஓர் அடி பின்னால் போனான்.

"டிஸ்க் பழுது மாத்தயா. திருத்தத்தான் கொண்டு போகிறேன். கொஞ்சம் பொறுங்கள், வரும்," என்று சிங்களத்தில் சொன்னார். மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் பிரதம லிகிதராக இருப்பவருக்குச் சிங்களம் தடுமாறாது. ஆனால் அன்றைக்கு நாக்கு கொஞ்சம் ஒட்டியது.

டிக். டிக். பஸ்காரன் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டுப் போனான். அடுத்த பஸ்ஸும் வந்து சோதனை முடித்துப் போனது. பதினொரு நிமிடம். விமலநாதன் கைக்கடிகாரத்தில் எண்ணினார். கடைசியில் திரையில் வெளிச்சம் வந்து, புல்வெளிப் படமும் ஐகொன்களும் ஒவ்வொன்றாக விழுந்தன. சிப்பாய் அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. வெளிச்சம் வந்ததே அவனுக்குப் போதும்.

"ஹரி. யன்ன."

போகச் சொல்லிவிட்டான். அவ்வளவுதான்.

அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில்தான் விமலநாதன் பையின் வாயை மூடினார். உள்ளுக்குள் ஒரு திருப்தி. அவன் நோண்டிப் பார்த்திருந்தாலும் ஒன்றும் கிடைத்திராது. விடிய ஐந்து மணிக்கு எழும்பி, பத்மா கண் விழிக்க முதல், அவர் எல்லாவற்றையும் துப்புரவாக்கி வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். பத்மாதேவியின் ஒரே தம்பி தனபாலன் வன்னியில் செத்துப்போய் இருபத்தெட்டு நாளாகிறது. ஒரு காலத்தில் இயக்கத்தில் மூன்று வருடம் இருந்தவன். ஒரு காலைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, புதுக்குடியிருப்பில் சைக்கிள் திருத்தும் கடை போட்டிருந்தான். கடை வாசலில் ஷெல் விழுந்தது. வவுனியாவிலிருந்து யாரோ ஒருவர் யாருடையதோ ஃபோனில் சொன்ன செய்தி அது. உடலும் இல்லை, சாம்பலும் இல்லை. கெலிஓயாவில் அவர்கள் வாடகைக்கு இருக்கும் மேல்மாடியில் பத்மா வாய்விட்டு அழவும் இல்லை. கீழே இருக்கும் சிங்கள வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் ஏன் அழுகிறீர்கள் என்று நல்ல மனிதர்கள்தான் முதலில் கேட்பார்கள்.

"முப்பத்தொண்டு அண்டைக்கு ஒரு படம் வச்சு, விளக்கேத்தி, அவனுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்க் குழம்பு வச்சுப் படைக்க வேணும். ஐயரும் வேண்டாம், ஆக்களும் வேண்டாம். ஒரு படம். அவ்வளவுதான் நான் கேக்கிறது," என்றாள் பத்மா.

அந்த ஒரு படம்தான் இல்லை. ஊர் வீட்டில் இருந்தவை தொண்ணூற்றைந்து இடப்பெயர்வோடு போயின. மிஞ்சியது இவர்களுடைய கல்யாண அல்பம். அதில் ஒரே ஒரு படத்தில், மணமகளுக்குப் பின்னால், பத்தொன்பது வயதுத் தனபாலன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான். இரண்டாயிரத்து ஆறில் மறுபடி சுற்றிவளைப்புகள் தொடங்கியபோது, விமலநாதன் கத்தரிக்கோலை எடுத்து அந்த முகத்தை மட்டும் வட்டமாக வெட்டி எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார். அதற்கு முன் ஸ்கேன் பண்ணியே ஆகவேண்டும் என்று பத்மா ஒற்றைக் காலில் நின்றாள். பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுக்கும் வேலைக்காக அவளிடம் மடிக்கணினியும் ஸ்கேனரும் இருந்தன. ஸ்கேன் பண்ணியதை 'ஊறுகாய்' என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள் போட்டு வைத்தாள். ஒரு சீடியிலும் எழுதி வைத்தாள். பொல்கொல்லை வெடிப்புக்கு அடுத்த நாள் விமலநாதன் அந்தச் சீடியை இரண்டாக முறித்துப் போட்டார்.

இப்போது அந்த ஹார்ட் டிஸ்க்கும் சாகக் கிடந்தது. படத்தைத் திறந்து அச்செடுக்கப் போனால் மெஷின் நீலமாகி நின்றுவிடும். கண்டியில் கணினி திருத்தும் றிஸ்வி அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். அவனிடம் பத்மா ஃபோனில் கேட்டதற்கு, "சும்மா சும்மா போடாதீங்கொ டீச்சர். ஒவ்வொரு தரமும் போடப் போட அது மோசமாகும். அப்படியே கொண்டாங்கொ, புது டிஸ்க் ஒண்டுக்கு அச்சொட்டா எடுத்து மாத்தித் தாரன்," என்றிருந்தான்.

சும்மா போடக்கூடாது என்பது விமலநாதனுக்கும் தெரியும். ஆனால் பாலத்தடியில் சோதிப்பார்களே. ஊறுகாயைத் திறந்து பார்த்தால்? அதனால் விடியக் காலையில், டிக் டிக் என்று கொட்டிக்கொண்டிருந்த மெஷினோடு முக்கால் மணித்தியாலம் மல்லுக்கட்டி, ஊறுகாயைப் பென் டிரைவ் ஒன்றுக்கு இழுத்து விட்டார். கண் மூடித் திறக்க முதல் ஏறிவிட்டது. பிறகு மெஷினில் இருந்ததை அழித்தார். குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினார். பென் டிரைவைப் பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்தார். பத்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள். பின்னேரம் வந்து புது டிஸ்க்கில் திருப்பிப் போட்டுவிட்டால் சரிதானே.

றிஸ்வியின் கடை கொழும்பு வீதியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடி. அலவத்துகொடையிலிருந்து தினமும் வந்து போகிறவன். முப்பது வயது, தாடி, எந்த அவசரத்திலும் அவசரப்படாத கை.

"வாங்கொ சேர், இரிங்கொ. காலையில சாப்பிட்டீங்களா? கீழே மாலு பான் சூடா ஈக்கு."

"சாப்பாடு கிடக்கட்டும் தம்பி. முதல்ல இதைப் பாரும்."

றிஸ்வி மடிக்கணினியைக் கவிழ்த்து ஆணிகளைக் கழற்றி, உள்ளங்கை அளவான பழைய டிஸ்க்கை வெளியே எடுத்தான். காதில் வைத்துக் கேட்டான். "சீக்காளி. ஆனா மவுத்தாகல்ல." அதையும் புதியதையும் இரண்டு வயர்களில் தன் மேசைக் கணினியோடு மாட்டினான். திரையில் ஒரு நீளப் பட்டை வந்தது. ஒரு விழுக்காடு.

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"நல்ல டிஸ்க் என்டா ஒரு மணித்தியாலம். இது பழுதான இடம் வார நேரமெல்லாம் நிண்டு நிண்டு வாசிக்கும். மூண்டு, நாலு ஆகும் சேர்."

விமலநாதன் கதிரையில் உட்கார்ந்து பட்டையைப் பார்த்தார். மூன்று விழுக்காடு. கச்சேரியில் ஒரு நாளைக்கு நூறு பிரதிகளுக்கு 'உண்மைப் பிரதி' என்று முத்திரை குத்துகிறவர் அவர். மூலத்தையும் பிரதியையும் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி பார்த்து, முத்திரை, கையெழுத்து, திகதி. அரை நிமிடம். இந்தச் சனியனுக்கு நாலு மணித்தியாலம்.

தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தாள். பெயர் ராக்கம்மா. மகள் குவைத்திலிருந்து அனுப்பிய ஃபோனைத் திறக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"என்னங்கய்யா, அதையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"ஓடுதோ இல்லையோ எண்டு பாக்கிறன்."

"ஒல மூடியத் தொறந்து தொறந்து பாத்தா சோறு வேகுமாங்க? அந்தப் பக்கம் திரும்பி ஒக்காருங்க. தானா வெந்துரும்."

றிஸ்வி சிரித்தான். விமலநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு விழுக்காடு. இஞ்சித் தேத்தண்ணி வந்தது. இருபத்தேழு. ராக்கம்மா ஃபோனை வாங்கி, மகளோடு கடை அதிரக் கதைத்துவிட்டு, "வர்றேங்க, சோறு வெந்தா சரி," என்று படியிறங்கிப் போனாள். நாற்பத்துநாலில் பட்டை அரை மணித்தியாலம் அசையாமல் நின்றது. பிறகு ஓடியது. அறுபத்தொன்றில் கரண்ட் போனது.

மேசைக்குக் கீழே இருந்த பழைய யூ.பி.எஸ். இரண்டு தரம் 'கீச், கீச்' என்று கத்திவிட்டு அடங்கியது.

"என்ன தம்பி இது!"

"நாளைக்கு ஃபங்ஷனுக்கு லைன் இழுக்கிறாங்க போல. வரும் சேர்."

"வந்தா அறுபத்தொண்டில இருந்து ஓடுமோ?"

"ஏலாது சேர். திரும்ப முதல்ல இருந்து தான்."

விமலநாதன் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். கீழே தெருவில் லொறி ஒன்றிலிருந்து கொடிகள் விற்றார்கள். நாலு மணிக்குப் பிறகு பாலத்தடியில் சோதனை இன்னும் இறுகும். பத்மா சட்டகம் ஒன்று வாங்கித் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். மத்தியானம் ஒன்றரைக்குக் கரண்ட் வந்தது.

"சேர், இவ்வளவு நேரமும் நான் முழுசா எடுத்தது. வெறும் இடத்தையும் சேத்து ஒவ்வொரு புள்ளியா வரும். அதான் இந்தச் சுணக்கம். திரும்ப அப்படியே போட்டா ஆறு மணி தாண்டும். ஈக்கிறத மட்டும் எடுக்கிறதென்டா ரெண்டு மணித்தியாலம். எப்படிச் செய்ய?"

"வெறும் இடம் எனக்கென்னத்துக்கு?" என்று எரிந்து விழுந்தார் விமலநாதன். "இருக்கிறதை மட்டும் எடும். கெதியா எடும்."

மூன்றே முக்காலுக்கு முடிந்தது. புது டிஸ்க்கோடு மடிக்கணினி இருபது விநாடியில் எழுந்து நின்றது. பத்மாவின் மொழிபெயர்ப்புப் படிவங்கள், எழுத்துருக்கள், ஒன்றும் பிசகாமல் இருந்தன.

"பழைய டிஸ்க்க என்ன செய்ய சேர்?"

"உடைச்சுப் போடும். சுத்தியலால அடிச்சு உடையும். நாலு துண்டா."

"நாலு துண்டாவா?" றிஸ்வி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். "சரி சேர். அங்கால வச்சிட்டுப் போங்கொ. பாப்பம்."

பாப்பம். எதற்கெடுத்தாலும் பாப்பம். விமலநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினார்.

வீட்டில் பத்மா கைகழுவிவிட்டு, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மடிக்கணினியின் முன்னால் வந்து இருந்தாள். முகத்தில் நாலு கிழமைக்குப் பிறகு ஒரு தெளிவு.

"என்ன வேகமா வருது! உந்தப் பெடியன் கெட்டிக்காரன்." தேடினாள். இன்னும் தேடினாள். "இஞ்சேருங்கோ, ஊறுகாயைக் காணேல்லை."

"பதறாதேயும். நான் எடுத்து வச்சிருக்கிறன்."

அரிசி வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பொலித்தீன் சுருளை எடுத்தார். பத்மா அவரையும் அரிசி ஒட்டிய கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பென் டிரைவைச் செருகினார். ஊறுகாய் வந்தது. மூலையில் ஒரு சின்ன வளைந்த அம்போடு.

பத்மா அமுக்கினாள். 'காணப்படவில்லை' என்று ஒரு பெட்டி வந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி வந்தது.

"இதை எங்க இருந்து எடுத்தனீங்கள்?"

"உதில, முன்னுக்குக் கிடந்தது. இழுத்து விட்டனான். டக்கெண்டு ஏறினது."

"முன்னுக்குக் கிடந்தது நான் கெதியாத் திறக்கிறதுக்கு வச்ச அம்புக்குறி. அது படமில்லையப்பா. படம் கிடக்கிற இடத்துக்குப் போற வழி." அவளுடைய குரல் இறங்கிக்கொண்டே போனது. "படம் உள்ளுக்கு வேற இடத்தில கிடந்தது. அதை என்ன செய்தனீங்கள்?"

விமலநாதன் கையில் ஒட்டிய அரிசியைத் தட்டினார்.

"கேக்கிறனல்லோ. என்ன செய்தனீங்கள்?"

"ஊறுகாய் எண்டு தேடிப் பாத்து... வந்ததெல்லாத்தையும் அழிச்சனான். குப்பையில இருந்தும். பாலத்தடியில சோதிச்சா எண்டு..."

அவருக்கே அப்போதுதான் முழுதாக விளங்கியது. கோப்பை எடுத்து வரச் சொன்னால் கோப்பின் இலக்கத்தைத் துண்டில் எழுதிக்கொண்டு வரும் பியோனை அவர் எத்தனை தரம் ஏசியிருப்பார்!

"வீட்டை இடிச்சுப் போட்டு விலாசத்தை அரிசிக்குள்ள பத்திரமா வச்சிருக்கிறியள்," என்றாள் பத்மா. எழுந்து போய்க் குசினித் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். கீழே கேட்காமலிருக்க. தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று கொண்டு சொன்னாள். "முதல்ல கத்தரிக்கோல். பிறகு சீடி. இப்ப இது. ஷெல்லுக்கு முதலும் பிறகும் அவனை நீங்கள் மூண்டு தரம்..."

"நான் ஆருக்காகச் செய்தனான்? சொல்லும் பாப்பம். என்ர சிநேகிதர் நவரட்ணராஜாவை ஒரு கடிதம் வச்சிருந்ததுக்கு மூண்டு மாசம் உள்ளுக்கு வச்சிருந்தவங்கள். திரும்பி வரேக்க காது கேக்காது. எனக்கும் அப்பிடி நடந்தா நீர் ஆரிட்டப் போவீர்?"

"உங்களை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையே! இவ்வளவு காலமா ஒருத்தன் அந்த அல்பத்தைத் திறந்து பாத்தவனே?"

"பாத்திருந்தா?"

"அதுதான் உங்கட கதை. பாத்திருந்தா, பாத்திருந்தா." குழாயை மூடினாள். "சாப்பாடு மூடி வச்சிருக்கு. போட்டுச் சாப்பிடுங்கோ."

அவர் சாப்பிடவில்லை. றிஸ்விக்கு ஃபோன் அடித்தார். அணைத்து வைத்திருந்தான். உடைத்திருப்பானோ? நாலு துண்டா என்று வேறு சொல்லி வைத்தாரே. அந்தப் பழைய டிஸ்க்கில் ஏதாவது எஞ்சியிருக்குமா என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அழித்ததை அழித்த இடத்தில்தான் தேடவேண்டும் என்று அவருடைய லிகித மூளை சொன்னது.

மறுநாள் புதன்கிழமை. சுதந்திர தினம். கடைகள் இல்லை. காலையில் வீட்டுக்காரர் மடித்த கொடியொன்றைக் கொண்டு வந்து, "மாத்தயா, மேலேயும் ஒன்று கட்டிவிடுங்கள், எல்லா வீட்டிலும் கட்டச் சொல்லியிருக்கிறார்கள்," என்று அன்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். விமலநாதன் கதிரை போட்டு ஏறி, மேல்மாடிக் கம்பியில் கொடியைக் கட்டினார். தூறல் விழுந்து கொடி கம்பியோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று, சரியாகப் பறக்கவில்லை என்று கை காட்டினார். அவிழ்த்துக் கட்டினார். மறுபடி ஒட்டியது. மூன்றாம் தரம் கட்டும்போது திரும்பிப் பார்த்தார். உள்ளே பத்மா வெறும் சட்டகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே துடைத்த சட்டகம்.

அன்றைக்கு முழுவதும் பதினேழு தரம் றிஸ்விக்கு அடித்தார். பதினேழு தரமும் அந்தப் பெண் குரல் மூன்று மொழியிலும் பிறகு முயற்சிக்கச் சொன்னது.

வியாழக்கிழமை லீவு இல்லை. கச்சேரிக்கு வயிற்றுவலி என்று அறிவித்தார். பத்மா அல்பத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மடிக்கணினிப் பையோடு வாசலில் நின்றாள்.

"அல்பம் என்னத்துக்கு? பாலத்தடியில..."

"அளவு பாக்க வேணும். நீங்கள் வாறதெண்டா வாங்கோ, இல்லாட்டி நான் போறன்."

கடைக் கதவு திறக்க ஒன்பதரை ஆனது. றிஸ்வி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு வந்தான்.

"தம்பி, அந்த டிஸ்க்! உடைச்சனீரோ?"

"எந்த டிஸ்க்? ஆ, சேர்ட நாலு துண்டு டிஸ்க்கா?" சாவகாசமாகப் பழத்தை விழுங்கினான். "இல்ல சேர். நான் யார்ட டிஸ்க்கயும் ஒரு கிழமைக்கு உடைக்க மாட்டன். உடைக்கச் சொல்லிட்டுப் போறவங்க தான் மூணாம் நாள் அழுதுகிட்டு வாரது."

விமலநாதன் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். பத்மா நடந்ததைச் சொன்னாள். படத்தில் இருப்பவன் எப்படிச் செத்தான் என்று மட்டும் சொல்லாமல், "என்ர தம்பி" என்றாள். றிஸ்வியும் அதற்கு மேல் கேட்கவில்லை. "நாளைக்கு அவன்ர முப்பத்தொண்டு" என்றதும் வாழைப்பழத் தோலைக் கீழே வைத்துவிட்டு டிஸ்க்கை மாட்டினான்.

"அழிச்சது உண்மையில அழியிறதில்ல டீச்சர். பேரத்தான் வெட்டுறது. சாமான் அங்கனயே தான் ஈக்கும், அதுக்கு மேல வேற ஏதாச்சும் வந்து விழுற வரைக்கும். சேர், அழிச்சப் பொறகு மெஷினப் போட்டீங்களா?"

"இல்லை... ஓம். பாலத்தடியில. பதினொரு நிமிஷம்."

"ம்." றிஸ்வி ஒரு விசையை அமுக்கினான்.

பட்டை ஓடத் தொடங்கியது. டிக், டிக். பழைய டிஸ்க் நின்று நின்று வாசித்தது. ஒவ்வொன்றாகப் படங்கள் திரையில் எழுந்தன, பெயரில்லாமல் இலக்கங்களோடு. மூன்று வருடமாக விமலநாதன் பயந்து பயந்து அழித்ததெல்லாம் வந்தது. நவரட்ணராஜா விடுதலையாகி வந்த அன்று எடுத்த படம். யாழ்ப்பாண வரைபடம் ஒன்று. பத்மாவின் மாமா ஜெனிவாவில் ஏதோ ஊர்வலத்தில் நிற்பது. விமலநாதன் எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். அழித்தவற்றை நம்பியல்லவா இவ்வளவு காலமும் நித்திரை கொண்டார்! பக்கத்தில் பத்மா, ஒவ்வொரு படம் எழும்போதும் கதிரை நுனிக்கு வந்தாள்.

கத்தரிக்காய்ப் படம். யாருடையதோ பிறப்புச் சான்றிதழ். பாதி சாம்பல் நிறமான ஒரு கோயில். முழுதும் சாம்பலான பத்துப் பன்னிரண்டு.

பதினொன்றே காலுக்கு, தலைகள் வந்தன.

கல்யாணக் கூட்டம். மணவறைத் தோரணம், அதன் கீழ் வரிசையாக முகங்கள், மணமகனின் தலைப்பாகை, மணமகளின் நெற்றிச்சுட்டி. அவளுக்குப் பின்னால், எல்லாரையும் விட ஒரு சாண் உயரமாக, பல்லெல்லாம் தெரிய ஒருவன். கழுத்தடியோடு படம் முடிந்தது. அதற்குக் கீழே சீமெந்து பூசியது போலச் சாம்பல்.

"மத்தது வராது டீச்சர்," என்றான் றிஸ்வி மெல்ல. "அந்தப் பதினொரு நிமிஷம் மேல விழுந்திரிச்சு."

பத்மா திரையைத் தொடவில்லை. அல்பத்தைத் திறந்து மடியில் வைத்தாள். அதில் சேலை இருந்தது, மாலை இருந்தது, வேட்டிகள், கால்கள், செருப்புகள் எல்லாம் இருந்தன. பின்வரிசையில் வட்டமாக ஓர் ஓட்டை இருந்தது.

"இந்த அளவுக்கு அச்சடிச்சுத் தாரும் தம்பி."

அச்சடித்தான். காசு வாங்க மாட்டேன் என்றான். "பழசை இப்ப உடைக்கவா சேர்?"

விமலநாதன் வாயைத் திறந்தார். மனைவியைப் பார்த்தார். "வேண்டாம்," என்றார். "இன்னொண்டில பிரதி ஒண்டு எடுத்து வையும். இந்த முறை முழுசா. வெறும் இடத்தையும் சேத்து."

திரும்பும்போது பாலத்தடியில் அதே சிப்பாய். பத்மாவின் துணிப்பைக்குள் கையை விட்டான். அல்பம் தட்டுப்பட்டது. தூக்கிப் பார்த்தான். அச்சுப் படம் இருந்த உறை அதிலிருந்து பாதி நழுவி வெளியே எட்டிப் பார்த்தது. விமலநாதன் சொல்லவேண்டிய சிங்கள வசனத்தைத் தேடினார். ஒரு சொல்லும் வரவில்லை.

சிப்பாய் அல்பத்தை அப்படியே உள்ளே வைத்தான். மடிக்கணினியைச் சுட்டிக் காட்டினான்.

"ஒன் கரன்ன."

இருபது விநாடியில் வெளிச்சம் வந்தது.

"ஹரி. யன்ன."

பஸ்ஸில் பத்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். கேள்வி கேட்பவர்களிடம் அகப்பட்டவர்களின் கதை விமலநாதனுக்குத் தெரியும். காது கேளாத நவரட்ணராஜா இப்போதும் கச்சேரிக்கு வந்து அவரோடு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். தான் பயந்தது பொய்யில்லை. ஆனாலும் இத்தனை வருடத்தில் தனபாலனைத் தேடி வந்தது ஒரேயொரு கத்தரிக்கோல்தான் என்பதும் பொய்யில்லை. கெலிஓயா வரும் வரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் குசினியில் கத்தரிக்காய்க் குழம்பு கொதித்தது. பத்மா தலை முழுகி, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு வந்து, மேசையில் அல்பத்தையும் அச்சுப் படத்தையும் விரித்தாள். அலுமாரி லாச்சியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அதே கத்தரிக்கோல்.

"நீங்கள்தானே வெட்டினது. நீங்களே வெட்டுங்கோ."

விமலநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அச்சுப் படத்தில் தம்பியாரின் முகத்தைச் சுற்றி, காது போகாமல், தலைமயிர் போகாமல், வட்டமாக வெட்டினார். அல்பத்துப் படத்தைத் திருப்பி, ஓட்டைக்குப் பின்னால் வைத்து, பசை தடவி ஒட்டினார். திருப்பினார்.

தனபாலன் அக்காவுக்குப் பின்னால் நின்று சிரித்தான். றிஸ்வி எவ்வளவு பார்த்து அச்சடித்தும் அளவு சற்றுப் பிசகிவிட்டது. மற்ற எல்லாரையும் விட அவன் முகம் கொஞ்சம் பெரிதாக, மணமகளின் தோளுக்கு மேலால் முன்னே வந்து நிற்பது போல இருந்தது. ஓட்டையின் ஓரத்தில் வெட்டுக்கோடு தெரிந்தது.

"பெரிசாப் போச்சுது," என்றார் விமலநாதன். "கழற்றிப் போட்டு வேற ஒண்டு சரியா அச்சடிச்சு..."

"விடுங்கோ." பத்மா படத்தைச் சட்டகத்துக்குள் இறக்கினாள். "படம் எடுக்கேக்க அவன் எப்பவும் ஆக்களை இடிச்சுக்கொண்டு முன்னுக்கு வாறவன்தான்."

தீப்பெட்டியை அவரிடம் நீட்டினாள். அவர் விளக்கை ஏற்றினார். இந்த முறை வாய்விட்டு அழுதபோதும் அவள் குழாயைத் திறக்கவில்லை.